ஷெல் துண்டு போட்ட ஓட்டை இல்லை

எங்கள் ஏ-40 காரின் டாஷ்போர்டில் இருந்த ஓட்டையைப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வன்னிப் பக்கத்தில் எதில் ஓட்டையைக் கண்டாலும் சண்டையில் விழுந்த ஷெல் குண்டின் துண்டு பட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். தண்ணீர்த் தாங்கியில் ஓட்டை இருந்தால் ஷெல். வீட்டுக் கேற்றில் இருந்தால் ஷெல். மரங்கொத்தி கொத்திய பனைகூட, வெளியூரிலிருந்து கமராவோடு வருகிறவர்களுக்கு ஷெல் பட்ட பனைதான். என் ஓட்டைக்கும் அந்தக் கதியே வரப் பார்த்தது. நான் விடவில்லை.

கார் என் மாமனாருடையது. முரசுமோட்டையில் வயல்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து குடிவந்தபோது அவர் கூடவே கொண்டுவந்தது. அதை வாடகைக்கு ஓடித்தான் நான்கு பிள்ளைகளைப் படிப்பித்தார். அவருக்குப் பிறகு மூத்த மகனான என் கணவரிடம் வந்தது. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே அவருக்குக் கை வேர்க்கும். ஒருநாள் காரை வாய்க்காலுக்குள் இறக்கினார். அடுத்த கிழமை பக்கத்து வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் அவர்களின் மாட்டுத் தொட்டியில் முட்டினார். அன்று பின்னேரம் கார்த் திறப்பை என் கையில் தந்து, "எனக்கு இது சரிவராது" என்றார். அவர் வாழ்க்கையில் மறுத்துச் சொன்ன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும், யார் என்ன கேட்டாலும், தலையாட்டி "ஓம்" என்பார்.

ஆகவே காரை நான் ஓடினேன். ஏழு வருடம் ஓடினேன். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரின் பொனற்று மூடிக்குள் தலையை விடுகிற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். "கார்க்காரி" என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். அதே ஆட்கள்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் வீட்டுப் படலையில் வந்து நிற்பார்கள். நானும் முகத்தைத் திருப்பாமல் போவேன். போகும் வழியில் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடுவேன், அதுவும் உண்மை.

அது சண்டைக்காலம், பெற்றோல் வரவிடாமல் மறித்திருந்தார்கள். வன்னிக்குள் பெற்றோல் மருந்து மாதிரி, சின்னப் போத்தலில்தான் கிடைக்கும். வாகனமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூடான எஞ்சின் அதில் ஓடும், ஆனால் ஆறிய எஞ்சின் அதில் ஸ்டார்ட் ஆகாது. அதனால் பொனற்றைத் திறந்து, கார்பரேட்டருக்குள் ஒரு மூடி பெற்றோல் ஊற்றி, ஓடிவந்து ஏறி ஸ்டார்ட் பண்ணவேண்டும். எஞ்சின் இருமி இருமி நிற்கப் பார்க்கும். திரும்ப இறங்கி இன்னொரு மூடி ஊற்றவேண்டும். நல்ல நாளிலேயே இரண்டு மூன்று தடவை இறங்கி ஏறவேண்டி வரும்.

ஒருநாள் மத்தியானம் பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூட அவளுடைய தாய். பாதி வழியில் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது. காரை ஒரு பாலைமரத்தின் கீழ் விட்டு எஞ்சினை நிற்பாட்டினேன். அந்தப் பெண்ணை இறக்கி வாய்க்காலுக்குள் படுக்கவைக்க முடியாது, அவ்வளவு நோவு அவளுக்கு. அதனால் நாங்கள் மூவரும் காருக்குள்ளேயே இருந்தோம். பொம்பர் சுற்றியது, போனது, திரும்பவும் வந்தது. அரை மணித்தியாலத்துக்குமேல் இருந்திருப்போம். எஞ்சின் நன்றாக ஆறிவிட்டது. சத்தம் தூரப்போனதும் இறங்கிப் பொனற்றைத் திறந்து பெற்றோலை ஊற்றப்போனேன். கை தவறி, இருந்த பெற்றோலில் பாதிக்குமேல் நிலத்தில் ஊற்றுப்பட்டது. உள்ளே அவள் கத்துகிறாள், தாய் கந்தசாமிக் கடவுளைக் கூப்பிடுகிறா, நான் மண்ணில் ஊறிய பெற்றோலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அன்று எனக்கு வந்தது பயமில்லை, கோபம். பொம்பர்மேல் கோபம், பெற்றோலை மறித்தவன்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக என் கைமேல் கோபம். மிச்சம் இருந்த ஒரு மூடியில்தான் ஸ்டார்ட் எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கவும் பனிக்குடம் உடையவும் சரியாக இருந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த நாள் காலமை சைக்கிள் கடைக்குப் போய், கையால் சுற்றித் துளை போடுகிற துறப்பணத்தை இரவல் வாங்கி வந்தேன். என் திட்டம் இதுதான். காருக்குள்ளேயே, முன்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கொழுக்கி. அதில் பெற்றோலோடு ஒரு சேலைன் போத்தல். அதன் குழாய் டாஷ்போர்டில் ஓர் ஓட்டை வழியாக உள்ளே போய், வயர்கள் போகும் வழியால் எஞ்சின் பக்கம் வெளிவந்து, கார்பரேட்டரில் முடியும். நோயாளிக்கு மருந்து ஏறுவதைக் கூட்டிக் குறைக்க அந்தக் குழாயில் சக்கரம் மாதிரி ஒரு சின்னச் சில்லு இருக்கும். அது என் இடது கைக்கு எட்டும் இடத்தில். இறங்கவே தேவையில்லை. சில்லை உருட்டினால் பெற்றோல் சொட்டும், எஞ்சின் பிடிக்கும், சூடானதும் சில்லைப் பூட்டிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாறலாம்.

துறப்பணத்தின் அலகு மொட்டை. தகரமோ அந்தக் காலத்து இங்கிலாந்துத் தகரம். தேங்காயெண்ணெய் விட்டு விட்டு, காலமை தொடங்கி மத்தியானம் வரைக்கும் சுற்றினேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் போட்டது. முடிவில் என் சின்னவிரல் போகிற அளவில், வேகம் காட்டும் முள்ளுக்கு இடப்பக்கத்தில், ஓர் ஓட்டை. கொஞ்சம் சரிவாகத்தான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கணவர் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார்.

நல்லாத்தான் இருந்தது. பெற்றோல் பட்டு அந்தக் குழாய் ஒரு மாதத்தில் மஞ்சளாகி விறைத்துப்போகும். ஆஸ்பத்திரியில் கழித்துவிடும் குழாயை எனக்கென்று எடுத்துவைப்பார்கள். பிறகு வேறு வாகனக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் டாஷ்போர்டிலும் ஓட்டை போட்டார்கள். நான்தான் முதலில் போட்டேன் என்று நான் சொல்லவரவில்லை, வேறெங்காவது வேறொருவர் போட்டிருப்பார். ஆனால் எங்கள் காரில் போட்டது நான்.

கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது விசுவமடுவுக்கு அங்கால் காரை விட்டுவிட்டு நடந்தோம். மீளக்குடியேறிய பிறகு, சேர்த்துக் குவித்திருந்த வாகனங்களைச் சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் காட்டலாம் என்றார்கள். துருப்பிடித்த கார்களும் லொறிகளும் ஒரு வெளி நிறையக் கிடந்தன. நம்பர் தகடும் இல்லை, நாலு சில்லும் இல்லை. அங்கே இருந்த அலுவலர், "உங்கட கார் எண்டதுக்கு என்ன அடையாளம்?" என்று கேட்டார். வாகனப் புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "டாஷ்போர்டில் ஒரு ஓட்டை இருக்கும். என்ரை சின்னவிரல் போகும்" என்றேன். அவர் முன்னாலேயே விரலை விட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் எஞ்சின் நம்பரைப் பார்த்தார்கள்.

அதன்பின் கார் பல வருடம் எங்கள் கொட்டிலில் கல்லின்மேல் நின்றது. போன வருடம்தான் என் கணவரின் தம்பி, லண்டனில் இருப்பவர், அதைத் திருத்தவேண்டும் என்று தொடங்கினார். கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற ஒரு விழா இருக்கிறதாம். எந்தக் கார் கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதென்று பார்த்துப் புள்ளி போடுவார்களாம். "அப்பான்ரை காரை அங்கே நிப்பாட்ட வேணும் அண்ணி" என்றார். ஆசை நல்ல ஆசைதான். நானும் சந்தோஷப்பட்டேன். பரந்தனில் ஒரு கராஜ்காரரிடம் காரை ஒப்படைத்தோம். பழைய வாகனம் என்றால் சோற்றையும் மறந்துவிடுகிற மனிதர்.

லண்டனிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எது காரில் இருந்தபடி இருக்கவேண்டும், எது வேறு பழைய காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல், எது புதிதாகச் செய்தது என்று மூன்று நிறத்தில். புதிதாகச் செய்ததை நாங்கள் டூப்ளிக்கேட் என்போம். தம்பிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "டூப்ளிக்கேட் இல்லை அண்ணி, ரீப்ரொடக்ஷன். அதே அளவு, அதே அச்சு." பெயரை மாற்றினால் சாமான் மாறிவிடுமா என்று கேட்டேன். சிரித்தார்.

டூப்ளிக்கேட்டை நான் வெறுக்கிறவள் இல்லை. கதவு ரப்பர் லண்டனிலிருந்து வந்தது, பழையதைவிடத் திறம். பிரேக்குக்குப் பழைய ஒரிஜினல் கண்டெடுக்கலாம் என்று கராஜ்காரர் இழுத்தபோது, புதிதுதான் போடவேண்டும் என்று அடம்பிடித்ததே நான்தான். பிரேக்கில் போய்ப் பழம்பெருமை பார்க்கக்கூடாது. ஆனால் கண்ணாடி ஏற்றும் கைபிடிக்கு நானும் கராஜ்காரருமாகப் பூநகரிக்கு பஸ் ஏறினோம். அங்கே ஒரு வீட்டு வளவில் இதே ஏ-40 ஒன்று கோழிக்கூடாக நின்றது. வீட்டுக்கார அம்மா, "வேண்டியதைக் கழட்டிக்கொண்டு போங்கோ, டிக்கியை மட்டும் திறக்காதேங்கோ, அடைக்கோழி இருக்கு" என்றா. இரண்டு கைபிடியும் ஒரு விளக்கு வளையமும் எடுத்துவந்தோம். கோழிப்பீயைக் கழுவ ஒரு நாள் போனது, ஆனாலும் பழுதில்லாத சாமான்கள்.

பிறகுதான் டாஷ்போர்டுக்கு வந்தார்கள். தகரம் நல்ல தகரம், ஓரத்தில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். தம்பி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். கராஜ்காரர் கைபேசியை உள்ளே நீட்டிக் காட்டினார். "அது என்ன ஓட்டை?" என்று தம்பி கேட்டார். கராஜ்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஷெல் துண்டு பட்டதாக்கும் அண்ணை."

தம்பியின் முகம் மாறிவிட்டது. கண்கூடக் கலங்கியது. "அதைத் தொடாதேங்கோ. அது அப்பிடியே இருக்க வேணும். அதுதான் இந்தக் காரின்ரை சரித்திரம். பக்கத்தில ஒரு சின்னத் தகடு வைச்சு எழுதுவம்."

நான் பின்னால்தான் நின்றேன். பேசாமல் இருந்திருந்தால் என் ஓட்டை இன்றைக்கும் அந்தத் தகரத்தில் இருந்திருக்கும், பக்கத்தில் பித்தளைத் தகடும் மினுங்கிக்கொண்டிருக்கும். வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, அது ஷெல் துண்டு இல்லை. நான் போட்டனான்."

"என்ன அண்ணி?"

"துறப்பணத்தால துளைச்சது. மண்ணெண்ணெயில ஓடின காலத்தில, பெற்றோல் போத்தலின்ரை குழாய் போறதுக்கு."

தம்பியின் குரலில் இப்போது அந்தக் கலக்கம் இல்லை. விலை பேசுகிற கடைக்காரரின் குரல் மாதிரி இருந்தது. "அப்ப அது டமேஜ் இல்லை, ஆரோ பிறகு செய்த மாத்தம். மாத்தத்துக்குப் புள்ளியை வெட்டுவாங்கள் அண்ணி. பிரச்சினையில்லை, டாஷ்போர்ட் ஒண்டு இங்கே அதே அச்சில அடிக்கிறாங்கள். அனுப்பிவிடுறன்."

ஆரோ செய்த மாற்றம். ஒரு குண்டு வந்து துளைத்தால் அது சரித்திரம். ஒரு பெண் அரை நாள் குந்தியிருந்து, மூளையைப் பாவித்து, கை கொப்பளிக்கத் துளைத்தால் அது பழுதாக்கின வேலை. எங்களை அழிக்க வந்ததற்குப் பித்தளைத் தகடு. நாங்கள் சமாளித்து ஓடினதற்கு வெட்டு.

தம்பி போனை வைத்ததும் கராஜ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அக்கா, ஏன் அதைச் சொன்னனீங்கள்? இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. எனக்கு ஞாபகப் பிசகு, ஷெல்தான் எண்டு சொல்லிவிடுங்கோ. ஓட்டை தப்பிவிடும்."

"பொய் சொல்லியோ?"

"சின்னப் பொய்தானே அக்கா."

"அந்தக் காரை ஏழு வருசம் ஓடினது நான். மாமாவின்ரை கார், வாத்தியாரின்ரை கார் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள், நான் ஒண்டும் சொல்லேல்லை. அதுக்குள்ள நான் இருந்தன் எண்டதுக்கு இருக்கிறது அந்த ஒரு ஓட்டைதான். அதையும் ஷெல்லுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

பழைய டாஷ்போர்ட் அப்படியே இருக்கவேண்டும், புதிது வந்தால் பெட்டியோடு கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கணவரிடமும் சொன்னேன். "ஓம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கண்ணில் வெண்புரை வெட்டத் தேதி வந்தது. வவுனியாவில் மகள் வீட்டில் மூன்று கிழமை நின்றேன். திரும்பி வந்த அடுத்த நாளே, கறுப்புக் கண்ணாடியோடு கராஜுக்குப் போனேன். கார் மினுங்கியது. பச்சை நிறம், மாமா வாங்கியபோது இருந்த அதே பச்சை என்றார்கள். கதவைத் திறந்து ஏறி இருந்து, பழக்கத்தில் இடது கையை நீட்டினேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. வேகமுள்ளுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. சிரட்டையின் உட்பக்கம் போல வழவழவென்று புதுத் தகரம்.

"பழையது எங்கே?" என்று கேட்டேன்.

கராஜ்காரரின் முகம் செத்துவிட்டது. "லண்டன் அண்ணை போன் எடுத்தவர். மாத்தச் சொன்னவர். நான் உங்கட வீட்டுக்கு எடுத்துக் கேட்டனான் அக்கா. வாத்தியார் ஓம் எண்டவர்."

"பழையது எங்கே?"

"பழைய இரும்பு எடுக்கிற லொறி வந்தது. மூலையில கிடந்ததுகளைப் பெடியள் தூக்கிப் போட்டிட்டாங்கள். எனக்குத் தெரியாமல் போச்சு அக்கா, சத்தியமாய்."

நான் அவரைத் திட்டவில்லை. அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரைத் திட்டினேன். உள்ளதெல்லாம் சொல்லித் திட்டினேன். நான் வேண்டாம் என்றதற்கும் ஓம், தம்பி வேண்டும் என்றதற்கும் ஓம், உங்களுக்கென்று ஒரு சொல் இருக்கிறதா என்று கேட்டேன். கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மட்டும் ஓம் சொல்லவில்லை. இரண்டு நாள் எங்களுக்குள் கதை இல்லை. சாப்பாட்டை மட்டும் மேசையில் வைத்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தம்பி லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார். கார் வீட்டு முற்றத்தில் நின்றது. விடிந்தால் கொழும்புக்கு லொறியில் ஏற்றுவதாக ஏற்பாடு. பின்னேரம் பொனற்றுக்குத் திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். தம்பி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு நின்றார். கராஜ்காரரும் வந்திருந்தார். பெருமையும் பயமுமாக ஓர் ஓரத்தில் நின்றார்.

நான் வீட்டுக்குள் போய் மின் துறப்பணத்தை எடுத்துவந்தேன். அன்று காலமைதான் அயலில் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அலகு புதிது. கார்க் கதவைத் திறந்து, சீலையைச் செருகிக்கொண்டு, ஓட்டுகிற இருக்கையில் ஏறி இருந்தேன்.

"அண்ணி, என்ன செய்யிறியள்?"

"காரை ஒரிஜினல் ஆக்கிறன்."

"ஐயோ அண்ணி! அது லண்டனிலயிருந்து வந்த டாஷ்போர்ட்! விடிஞ்சால் லொறியில ஏத்த வேணும்!"

"தெரியும். எழுபது வயசுக் காருக்கு ஒரு கிழமை வயசில முகம். எந்த மடையனும் பார்த்தவுடனே டூப்ளிக்கேட் எண்டு சொல்லுவான். நீங்கள் கொண்டுபோய் எங்கேயும் நிப்பாட்டுங்கோ. ஆனால் ஆரும் கேட்டால், இந்த ஓட்டையை அண்ணி போட்டவா எண்டு சொல்ல வேணும். ஷெல் எண்டு சொன்னால் அடுத்த முறை இந்தப் படலைக்குள்ள வரக்கூடாது."

தம்பி திரும்பி அண்ணனைப் பார்த்தார். "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ."

அவர் முற்றத்துக் கதிரையில் இருந்தவர் எழுந்தார். ஓம் என்று சொல்லப்போகிறார், யாருக்கு என்றுதான் தெரியாது என்று நினைத்தேன். என் கையில் இருந்த துறப்பணத்தின் வயர் நிலத்தில் கிடந்தது. குனிந்து அதை எடுத்தார். நீட்டு வயரைக் குசினியிலிருந்து இழுத்துவந்து அதில் செருகினார். பிறகு மற்றப் பக்கக் கதவைத் திறந்து, என் பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு டாஷ்போர்டை வடிவாகப் பார்த்தார்.

நான் அலகைத் தகரத்தில் வைத்தேன்.

"அதில இல்லை" என்றார். என் கையைப் பிடித்து ஒரு விரல்கடை நகர்த்தினார். "இதில. கொஞ்சம் சரிவாய் வைச்சுப் பிடியும். முந்தினது சரிவுதானே."